மகளின் கணக்கில் ஏறிய அடிகள்

கோல்ஃப் விளையாடுகிறவர்கள் பந்தை அடிப்பதற்குச் செலவிடும் நேரத்தைவிட, அடித்த பந்தைப் பற்றிப் பேசுவதற்குச் செலவிடும் நேரம் அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் சம்பளமே அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது.

திகனையைத் தாண்டி, நீர்த்தேக்கத்துக்கு மேலே இருந்த ஒரு கோல்ஃப் கிளப்பின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நான் பல வருடம் வேலை பார்த்தேன். கண்டி டவுனில் வீடு. காலையில் பஸ் ஏறினால் குண்டசாலை வரை நின்றுகொண்டே போக வேண்டும், அதற்குப் பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். இத்தனை வருடத்தில் கோல்ஃப் மட்டையை ஒருநாளும் கையில் பிடித்ததில்லை. பிடித்திருந்தால் யாரையாவது அடித்திருப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது கந்தோரிலும் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதையில் யாருக்கும் பெயர் வைக்கப்போவதில்லை. பெயரால்தான் அத்தனை வினையும் வந்தது.

என் வேலை ஹேண்டிகேப் பார்ப்பது. தெரியாதவர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃபில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பவர்தான் வென்றவர். ஆனால் கைதேர்ந்தவரும் சுமாரானவரும் ஒன்றாக விளையாட வேண்டுமே. அதற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கடையில் விலையில் கழிவு போடுவதுபோல, ஆட்டம் முடிந்ததும் அவரவர் அடித்த அடிகளிலிருந்து அந்த எண்ணைக் கழித்துவிடுவார்கள். நல்ல ஆட்டக்காரருக்கு எண் சின்னது, மற்றவர்களுக்குப் பெரியது. கடைசியாக விளையாடிய இருபது ஆட்டங்களில் நன்றாக விளையாடியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, கம்பியூட்டர் அந்த எண்ணைச் சொல்லும். ஆட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் அட்டையைக் கந்தோர் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அதை நாங்கள் கம்பியூட்டரில் ஏற்றுவோம். வாராவாரம் எல்லோருடைய எண்ணையும் அச்சடித்து வெளியே பலகையில் குத்துவோம்.

ஏற்றுவதில் பிழை வரும். பாதி ஆட்டம் முழு ஆட்டமாக ஏறிவிடும், ஒரே அட்டை இரண்டு தடவை ஏறிவிடும். அதைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. மனிதர்களைத் திருத்துவதுதான் முடியாது. அவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒரு சாதி, தன் எண் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும். நன்றாக ஆடிய நாளில் அட்டை தொலைந்துவிடும், மோசமாக ஆடிய நாளில் மறக்காமல் பெட்டியில் விழும். போட்டி நாளில் கழிவு நிறையக் கிடைத்தால் கிண்ணம் சுலபம் அல்லவா? இதுதான் கோல்ஃபில் சொல்லக்கூடிய ஆகப் பெரிய திருட்டு. மற்றச் சாதி, எண் சின்னதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும். அவர்களால் யாருக்கும் நட்டமில்லை. பலகையில் தன் பெயருக்கு நேரே ஒரு சின்ன எண்ணைப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள்.

அந்தக் கிளப்பில் ஓர் அப்பாவும் மகளும் உறுப்பினர்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அணைக்கட்டு வேலைகளுக்கு எஞ்சினியராக வந்து, கண்டியிலேயே தங்கி, ஓய்வும் பெற்றுவிட்டவர். மனைவி இல்லை. மகள் பல் வைத்தியர், நாற்பதை நெருங்கியவர், டவுனில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். அப்பாவுக்கு ஹேண்டிகேப் பதினான்கு, மகளுக்குப் பதினைந்து. கந்தோர் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள். அப்பாவின் நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தபிறகு போட்டிகளில் சேர்வதை அவர் நிறுத்திவிட்டார். ஆனாலும் ஞாயிறு பின்னேரம் மகளோடு கொஞ்சம் ஆடுவார். அது அட்டை இல்லாத, சும்மா ஆட்டம். புதன்கிழமை காலையில் இன்னொரு ஓய்வுபெற்றவரோடு ஆடிவிட்டு, ஒழுங்காகக் கையெழுத்திட்டு அட்டையைப் பெட்டியில் போடுவார். எஞ்சினியர் அல்லவா, விதி என்றால் விதிதான்.

அந்த வருடக் கிண்ணப் போட்டியில் மகள் வென்றார். மூன்று அடி வித்தியாசம். அடுத்த வாரமே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. இவ்வளவு நன்றாக ஆடுகிற பெண்ணுக்குப் பதினைந்து எப்படி வந்தது? சில மாதம் முன்பு பதினொன்றல்லவா இருந்தது? யாரோ கேட்டார், யாரோ தலையாட்டினார். யாரும் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவில்லை, அதற்குத் துணிச்சல் வேண்டும். கிளப்பின் கப்டன் என்னை அழைத்து, மகளின் ஆட்டங்களை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார். சனிக்கிழமை கமிட்டி கூடும். வேண்டுமென்றே எண்ணை வீங்க வைத்தது தெரிந்தால் கிளப்பிலிருந்து நிறுத்திவைப்பார்கள். அவர் அதை மிக மரியாதையாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்திவைப்பதோடு அது முடியுமா? கண்டி எவ்வளவு பெரிய ஊர்? இங்கே யாராவது தும்மினால் அங்கே கேட்கும். கள்ளக் கணக்குக் காட்டிக் கிண்ணம் வாங்கியவள் என்று பெயர் எடுத்துவிட்டு, அந்தப் பெண் நாளைக்கு யார் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடிப்பது?

கோபத்தோடுதான் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மகளின் கணக்கைத் திறந்தால் மோசமான ஆட்டங்கள் வரிசையாகக் கிடந்தன. நல்ல ஆட்டங்களும் இருந்தன, ஆனால் மோசமானவை இடையில் புகுந்து பழைய நல்லவற்றை இருபதுக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தன. பார்ப்பவர் யாரும் சந்தேகப்படத்தான் செய்வார். எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. பிறகு ஒரு திகதியில் கண் நின்றது. அது ஒரு புதன்கிழமை. அன்று காலை நான் லீவு போட்டிருந்தேன். அன்று காலை இந்த டொக்டர் தன் கிளினிக்கில் என் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேர் வளைந்திருக்கிறது என்று சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தார். ஒரே காலையில் என் பல்லையும் பிடுங்கிக்கொண்டு இங்கே வந்து பந்தையும் அடித்திருக்க முடியாது. மற்ற மோசமான ஆட்டங்களைப் பார்த்தேன். எல்லாமே புதன்கிழமை.

அலுமாரியைத் திறந்து அந்த நாட்களின் அட்டைகளைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து.

நடந்தது இதுதான். இந்த அப்பா நம்மவர்கள் வழக்கப்படி அட்டையில் தன் பெயரை மட்டும் எழுதி, முன்னால் ஓர் எழுத்தைப் போட்டிருந்தார். அந்த எழுத்து அவரைப் பெற்றவருடைய பெயரின் முதலெழுத்து. மகளோ தன் பெயருக்குப் பின்னால் இந்த அப்பாவின் பெயரை வைத்திருக்கிறார். கம்பியூட்டரில் அப்பாவின் பெயரை அடித்தால் இரண்டு பேரும் வருவார்கள். அட்டைகளை ஏற்றியவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், சிங்களப் பெண், குண்டசாலைக்காரி, நல்லவள். அவர்களுடைய பெயரில் குடும்பத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு பெயர் இருக்கும். அதனால் அட்டையில் இருந்தது குடும்பப் பெயர், இரண்டு பேருக்கும் பொருந்தும் என்று நினைத்திருக்கிறாள். அப்படியானால் இரண்டு பேரில் யார் என்று எப்படித் தீர்மானித்தாள்? அட்டையில் சிவப்பு அடையாளம் இருந்தது. ஆட்டத்தைத் தொடங்குவதற்குப் பின்னால் ஒரு மேடு, முன்னால் ஒரு மேடு என்று உண்டு. முன்மேட்டிலிருந்து அடித்தால் குழிக்குத் தூரம் குறைவு. அதற்குத்தான் சிவப்பு அடையாளம். எங்கள் கிளப்பில் பெண்கள் மட்டும்தான் அங்கிருந்து அடிப்பார்கள். சிவப்பைப் பார்த்ததும் அவள் யோசிக்காமல் மகளைத் தேர்ந்துவிட்டாள். நான் விளக்கிச் சொன்னதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஏசத் தொடங்கிய நான் ஏசாமல் விட்டேன். யாராக இருந்தாலும் மகளைத்தான் தேர்ந்திருப்பார்கள். அந்த அப்பா முன்மேட்டுக்கு வந்துவிட்டார் என்பது யாருக்குத் தெரியும்? புதன்கிழமை காலையில் மைதானத்தில் ஆளே இருக்காது. அதற்காகத்தான் அவர் புதன்கிழமையில் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தில் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். பிறகு திருத்தினால் என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகளின் எண் பதினொன்றுக்கு இறங்கியது. அப்படியென்றால் நான்கு அடி கழிவு குறைகிறது, மூன்று அடியில் வென்ற கிண்ணம் ஓர் அடியில் போகிறது. அது போகட்டும், பெயர் மிஞ்சும். ஆனால் அந்த ஆட்டங்களை அப்பாவின் கணக்கில் ஏற்றியதும் பதினான்கு இருபத்துநான்காகியது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் கணக்கில் ஒரு புதிய ஆட்டம்கூட ஏறவில்லை, அதனால்தான் எண் அசையாமல் நின்றிருக்கிறது. அவர் ஒவ்வொரு ஞாயிறும் பலகைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, எனக்கு ஒண்டும் குறையேல்லை, என்று மகளிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். முன்மேட்டிலிருந்து அடிப்பதையும் கம்பியூட்டர் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கும், அதற்குப் பிறகும் பதினான்கு என்றால் ஆட்டம் குறையவில்லை என்று அந்த மனுசன் நம்பியிருந்தார்.

மகளுக்கு ஃபோன் எடுத்தேன். நல்ல செய்தி சொல்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கத்தில் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

"என்னது தெரியும்?"

"என்ரை ஃபோனிலை எல்லாம் வருமெல்லோ. நான் அடிக்காத ஆட்டம் வந்தால் தெரியாமல் போகுமோ? கிண்ணம் வெல்லுவன் எண்டு நான் நினைக்கேல்லை. நினைச்சிருந்தால் போட்டியிலை சேர்ந்திருக்கவே மாட்டன். கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கிறன். என்ன வேணுமெண்டாலும் செய்யட்டும். அப்பான்ரை நம்பரை மட்டும் தொடாதேங்கோ."

"அதுக்காக நீங்க திருட்டுப் பட்டம் வாங்குவீங்களா?"

"ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் எல்லாத்தையும் விட்டுட்டார். கார் ஓடுறதை விட்டுட்டார். கூட்டங்களுக்குப் போறதை விட்டுட்டார். அந்தப் பலகை ஒண்டுதான் மிச்சம்."

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. இது பாசமில்லை டொக்டர், இது பெரியவரைச் சின்னப்பிள்ளை ஆக்குவது என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். டொக்டர் சொன்னதில் எனக்குப் பாதி நியாயம் தெரிந்ததுதான் கோபத்துக்குக் காரணம். ஒரு மனிதனுக்கு மிஞ்சியிருக்கும் ஓர் எண்ணைப் பிடுங்குவதற்கு நான் யார்? அதேநேரம், வாய் திறக்காமல் இருந்து ஒரு பெண்ணைக் கள்ளி ஆக்குவதற்கும் நான் யார்? வீட்டில் சோறு போட்டுக்கொண்டே பேசினேன், வீட்டுக்காரர் எழும்பி ரீவி பார்க்கப் போய்விட்டார்.

அந்தத் தொல்லையை அப்பாவே வந்து தீர்த்தார். வெள்ளிக்கிழமை காலை, விளையாட்டு உடுப்பு இல்லாமல், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு கந்தோருக்குள் வந்தார். கிளப்பில் யாரோ அவர் காதுபடப் பேசியிருக்கிறார்கள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிள்ளை, என்ரை மகளைக் கள்ளி எண்டு கதைக்கினம். எந்த ஆட்டம் பிழையாம்? எனக்குக் காட்டுங்கோ."

"சேர், நாளைக்குக் கமிட்டியில..."

"கமிட்டி பிறகு. நான் தகப்பன். இப்ப காட்டுங்கோ."

மகள் கெஞ்சியது காதில் நின்றது. ஆனால் இவர் கேட்பது தன் மகளின் மானத்தை. அதோடு அந்த ஆட்டங்கள் அவருடையவை. ஒருவரிடம் அவருடைய பொருளைக் காட்டமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கம்பியூட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு திகதியாகப் பார்த்தார். முதலில் வேகமாகப் பார்த்தார், எங்கேயோ ஓர் ஓட்டையைப் பிடித்து எல்லோரையும் ஒரு கை பார்க்கப் போகிறவர்போல. பிறகு மெதுவானார். விரலைத் திரையில் வைத்தார்.

"இது நான் அடிச்சது" என்றார்.

திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன்.

"இதுவும் நான்தான். அண்டைக்கு மழை வந்து பாதியிலை ஒதுங்கி நிண்டனாங்கள். இதுவும்." விரல் கீழே கீழே போனது. பிறகு கதிரையைத் தானே இழுத்து இருந்தார். "சரியா ஏத்தினால் எனக்கு எத்தினை வரும்?"

"இருபத்துநாலு சேர்."

"இருபத்துநாலு" என்று சொல்லிப் பார்த்தார். யாருடைய வயதையோ சொல்வதுபோல இருந்தது. வெளியே புல்வெட்டும் மெசின் போய்வந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் யன்னலால் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மகளுக்கு இது தெரியுமோ?"

எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிற என் வாய் அன்றைக்கென்று ஒட்டிக்கொண்டது. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"எனக்கு ஏலாமல் போனதை நான் காணக்கூடாதெண்டு, கள்ளி எண்ட பேரை வாங்கியிருக்கிறாள்" என்றார். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் இருந்திருக்க வேண்டும். "ஏத்துங்கோ பிள்ளை. எல்லாத்தையும் என்ரை கணக்கிலை ஏத்துங்கோ. நான் இஞ்சை இருக்கிறன், என்ரை கண்ணுக்கு முன்னாலை ஏத்துங்கோ."

ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினேன். ஒவ்வொன்று ஏறும்போதும் அவர் எண் கூடிக்கொண்டே போனது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை கமிட்டியில் அவர் எழுந்து நின்று, முன்மேட்டிலிருந்து அடித்தது தான் என்று சொன்னார். அந்த ஆண்பிள்ளைகள் நடுவில் அதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலர் கீழே பார்த்தார்கள். கந்தோரில் நடந்த பிழை என்று முடிவானது. பிழையைக் கண்டதும் சொல்லியிருக்க வேண்டும் என்று மகளுக்குக் கப்டன் மெல்லமாக ஒரு வார்த்தை சொன்னார், அதுவும் நியாயம்தான். கிண்ணம் இரண்டாவதாக வந்தவருக்குப் போனது, அவர் திகனையில் டயர்க்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி. "இது எனக்கு வாணாம் தங்கச்சி, நீங்க விளையாடின விளையாட்ட நான் கண்ணாலயே பாத்தன்" என்று அவர் மறுக்க மறுக்க, மகள் அவர் கையில் திணித்தார். முணுமுணுத்தவர்கள் ஒருவராவது மன்னிப்புக் கேட்பார்கள் என்று வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவும் மகளும் ஒரே காரில் வந்து, ஒரே காரில் போனார்கள். இடையில் ஒரு வார்த்தை பேசியதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. புதிய எண்களை அச்சடித்துப் பலகையில் குத்தியபோது, இன்றைக்கு இவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் வந்தார்கள். மகள் காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார், பலகைப் பக்கம் வர அவருக்கு மனமில்லை. அப்பா நேராக வந்து தன் பெயரைத் தேடிப் பார்த்தார். எப்போதும் பார்க்கும் அளவு நேரம்தான் பார்த்தார். பிறகு முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி மகளைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வா. உனக்குப் பதினொண்டு, எனக்கு இருபத்துநாலு. எனக்கு எவ்வளவு கழிவு தருவாய் எண்டு பார்த்துச் சொல்லு."

மகள் வந்தார். கண் சிவந்திருந்தது. "அப்பா, சும்மா ஆட்டத்துக்கு என்னத்துக்குக் கழிவு?"

"தா. தந்தால்தான் நீ ஒழுங்கா அடிப்பாய்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பலகைக்கு இந்தப் பக்கம் நின்றதால் எனக்குக் கேட்டுவிட்டது. "ஒவ்வொரு ஞாயிறும் குழிக்குக் கிட்ட வந்து, வேணுமெண்டு வெளியிலை தட்டுறாயே. எனக்கு அது தெரியாதெண்டு நினைச்சனியோ?"

மகள் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர்கள் இருவரும் அன்று முன்மேட்டில், எல்லோரும் பார்க்க, பக்கத்தில் பக்கத்தில் நின்று அடித்தார்கள்.

நான் கந்தோரைப் பூட்டும் நேரத்தில் அப்பா திரும்பி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. அட்டை இல்லாத ஆட்டத்துக்கு என்னிடம் என்ன வேலை என்று பார்த்தால், சொல்வதற்காகவே வந்திருக்கிறார்.

"தோத்துப்போனன் பிள்ளை" என்றார். அவ்வளவு சந்தோசமாக ஒரு மனிதன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அவ்வளவு கழிவு தந்தும் என்னை வெண்டிட்டாள். ஒப்பரேசனுக்குப் பிறகு இண்டைக்குத்தான் என்னோடை உண்மையா விளையாடினவள்."